அடுத்தவர் வீட்டுக் காளை

எடின்பரோவின் ராயல் மைல் வீதியில் கடைக்குக் கடை குலச்சின்னம் தொங்குகிறது. சாவிக்கொத்து, டை பின், காபிக் கோப்பை என்று எதையும் விட்டுவைக்கவில்லை. சர்நேமைச் சொன்னால் போதும், சுழலும் ஸ்டாண்டிலிருந்து உங்கள் வம்சப் பெருமையைக் கழற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். பிரவுனா? லாமண்ட் குலம். மில்லரா? மக்ஃபார்லன். என்னிடம் இருந்ததோ ஓர் இனிஷியல். கடைக்காரப் பெண் இரக்கப்பட்டு மக்கின்டாஷ் குலத்துப் பூனையை எடுத்து நீட்டினாள். ‘கையுறை இல்லாமல் பூனையைத் தொடாதே’ என்பது அதன் வாசகம். வீட்டில் பூனை வளர்ப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் கருத்து வேறுபாடு இல்லை.

கடையில் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. அந்தச் சின்னம் குலத்துக்கே சொந்தமில்லை. குலத்தலைவர் ஒருவரின் தனிச்சொத்து. படத்தைச் சுற்றி வாரும் பக்கிளும் இருக்கிறதே, அதற்கு ‘நான் இவருடைய ஆள்’ என்று பொருள். தலைவர் வார் கட்டமாட்டார். அவருக்கு வெறும் வளையம், பின்னால் மூன்று கழுகு இறகு. கிளைத் தலைவருக்கு இரண்டு. தனக்கென்று சின்னம் பதிந்துகொண்டவருக்கு ஒன்று. பக்கிள் கோஷ்டிக்கு இறகே கிடையாது. ஆக, காசு கொடுத்து வாங்கி, நெஞ்சில் குத்தி, ‘நான் அடியாள்’ என்று அறிவித்தபடி ஊர் திரும்புகிறார்கள்.

மக்லவுட் குலத்துக்குக் காளைத் தலை. வாசகம், ‘பிடியை விடாதே’. மால்கம் என்ற தலைவர் வெறிகொண்ட காளையைக் குத்துவாளோடு எதிர்த்துக் கொம்பை ஒடித்தார் என்பது கதை. அலங்காநல்லூராக இருந்தால் ஒரு பைக் கொடுத்துக் கணக்கை முடித்திருப்பார்கள். அங்கே விடவில்லை. ஸ்கை தீவின் டன்வேகன் கோட்டையில் அந்தக் கொம்பு இன்னும் இருக்கிறது. பட்டத்துக்கு வருகிறவர் அது நிறைய கிளாரெட் ஒயினை ஒரே மூச்சில் குடிக்கவேண்டும். சுமார் ஒன்றரை பாட்டில் பிடிக்குமாம். 1965இல் ஜான் மக்லவுட் 1 நிமிடம் 57 விநாடியில் முடித்தார். காளையை அடக்கியவர் ஒருவர்; தலை சுற்றியது பரம்பரைக்கே.

உலோகச் சின்னத்துக்கு முன்பு செடிதான் அடையாளம் என்பார்கள். மக்டொனால்டு தொப்பியில் ஹீதர், கேம்பல் தொப்பியில் சதுப்பு நிலத்து மிர்ட்டில். மலைப் பனிமூட்டத்தில் வாளை ஓங்கி ஓடிவருகிறவனை நிறுத்தி, ‘கொஞ்சம் குனியுங்கள், இலையைப் பார்க்கவேண்டும்’ என்று எப்படிக் கேட்டிருப்பார்களோ!

பேட்ஜைச் சட்டையில் குத்திக்கொண்டால் யாரும் கேட்கமாட்டார்கள். அதையே லெட்டர்பேடில் அச்சடித்து ‘எங்கள் குடும்பச் சின்னம்’ என்றால்தான் வம்பு. 1672ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் உயிரோடிருக்கிறது. லார்ட் லயன் என்ற அதிகாரிக்கு இதற்கென்றே எடின்பரோவில் தனி நீதிமன்றம், வழக்குப் போடத் தனி வக்கீல். ஸ்காட்லாந்தில் குடியிருந்து கல்யாணப் பத்திரிகை அடிக்கப்போகும் அன்பர்களே, பிள்ளையாரே போதும். அவர் வழக்குப் போடமாட்டார்.