மேப்பில் காணாமல் போன மெஷின்

தை பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "மெஷின் எங்க வருது?" என்பதுதான் விசாரிப்பு. சம்பா முற்றித் தலை சாய்ந்துவிட்டது, கிழக்கே மேகம் வேறு கறுக்கிறது, அறுவடை மெஷினை மட்டும் காணோம். டிரைவருக்குப் போன் போட்டால், "இந்தா சாலியமங்கலம் தாண்டிட்டேண்ணே" என்பார். நேற்று சாயங்காலமும் அதையேதான் சொன்னார். ஒரு ராத்திரி முழுக்கத் தாண்டுகிற அளவுக்குச் சாலியமங்கலம் பெரிய ஊரில்லை.

இங்கே வருகிற பெல்ட் மெஷின்களில் பல வெளிமாவட்டத்து வண்டிகள். முதலாளி ஆத்தூரில் வீட்டுத் திண்ணையில் இருப்பார், மெஷின் அம்மாபேட்டைச் சேற்றில் நிற்கும். வாடகை மணிக்கணக்கு. ராத்திரியோடு ராத்திரியாக யாருக்காவது நாலு மா அறுத்துக் கொடுத்து, டிரைவர் காசை மடியில் கட்டிக்கொண்டால் ஆத்தூருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் முதலாளிகள் மெஷினில் ஜிபிஎஸ் வைத்தார்கள். புதிய பஸ்ஸுக்கும் டாக்சிக்கும் 2019 ஜனவரியிலிருந்து இடங்காட்டிக் கருவி சட்டப்படியே கட்டாயம். ஆட்டோவுக்கு விலக்கு உண்டு. ஆட்டோ எந்தச் சந்தில் திரும்பும் என்று செயற்கைக்கோளாலும் சொல்ல முடியாது என்று விட்டுவிட்டார்களோ என்னவோ.

போன அறுவடையில் எங்கள் வயலுக்கு வந்த டிரைவர் தம்பி, சட்டைப் பையிலிருந்து சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். "ஜாமர்ண்ணே. சொருகிட்டா மொதலாளி மேப்புல நான் இல்லவே இல்ல." அஞ்சனமையைக் கண்ணில் தீட்டி மறைந்துவிட்ட மந்திரவாதியின் பெருமிதம் முகத்தில் இருந்தது.

விஷயம் மந்திரமில்லை, சத்தம்தான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போது உயிர் போகிற மாதிரி மெலிந்திருக்கும். அதே அலைவரிசையில் பக்கத்திலிருந்து ஒரு குட்டிப் பெட்டி கத்தினால் போதும், கருவிக்கு வானம் கேட்காது. ஆனால் ஆத்தூர் முதலாளியின் கருவியை மட்டும் தேடிப்பிடித்துச் செவிடாக்கும் சாமர்த்தியம் அந்தப் பெட்டிக்குக் கிடையாது.

"பக்கத்துக் கட்டளையில மருந்தடிக்கிற ட்ரோனும் அந்த சிக்னலை நம்பித்தானே தம்பி நிக்குது? காத்துல இழுத்துக்கிட்டுப் போயி யாரு தலையில மருந்தடிக்கும்?"

"அது அவங்க பாடுண்ணே."

அமெரிக்காவிலும் ஒருவர் இப்படித்தான் நினைத்தார். நியூஜெர்சிக்காரர், கம்பெனி வண்டியில் ஜாமரைப் போட்டுக்கொண்டு நூவர்க் விமான நிலையம் பக்கம் போனார். அங்கே ஜிபிஎஸ்ஸை நம்பி விமானத்தை இறக்கும் கருவி குழம்பிப்போனது. 2013இல் அபராதம் 31,875 டாலர் என்று தீட்டினார்கள். முதலாளியை ஏமாற்றக் கிளம்பியவர் விமான நிலையத்துக்குப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

நமக்கு ஏது விமானம் என்று கேட்கக் கூடாது. தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது. 2020 ஜனவரியிலிருந்து அங்கே சுகோய்-30 போர் விமானப் படைப்பிரிவே இருக்கிறது. நாலு மா நெல்லுக்காக சுகோயின் பக்கத்தில் ஜாமரோடு போகிறவருடைய தைரியத்தை நான் மெச்சுகிறேன், ஜாமீனுக்கு மட்டும் கூப்பிட வேண்டாம். அனுமதி இல்லாமல் இதை வைத்துப் பயன்படுத்துவது மட்டுமில்லை, விற்பதும் விளம்பரம் செய்வதும்கூடச் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியிலேயே சொல்லிவிட்டது. ஜிபிஎஸ் தடுப்பான் என்று பெயர் சொல்லியே சொன்னது. தம்பியிடம் இதைச் சொன்னேன். "ஆன்லைன்ல வித்தான்ண்ணே" என்றார், விற்றவனே நீதிபதி என்பதுபோல.

மெஷின்கள் வாய் திறந்தால் என்னாகும் என்பதற்கு நம் ஆற்று மணலே சாட்சி. 2023 செப்டம்பரில் மணல் குவாரி விவகாரத்தில் அமலாக்கத் துறை சோதனை போட்டது. தஞ்சாவூர் உட்பட ஐந்து மாவட்ட ஆட்சியர்களுக்கு சம்மன் போய், உச்ச நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. மணல் அள்ளிய எந்திரங்களின் ஜிபிஎஸ் பதிவையும் வாங்கிப் பார்த்தார்கள். அரசுக் கணக்கில் வந்த வருமானம் 36.45 கோடி, அள்ளிய மணலின் மதிப்போ 4,730 கோடி என்றது அமலாக்கத் துறை. ஒப்பந்தக்காரர்கள் மீதான அந்த நடவடிக்கையை 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது தனிக் கதை. ஆனால் ஆற்றில் இறங்கிய எந்திரம், யாரும் கேட்காமலேயே நாட்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தது என்பது எனக்குப் பிடித்த பகுதி.

நம் தம்பி விஷயத்துக்கு வருவோம். அன்று ராத்திரி ஜாமர் சொருகப்பட்டது. விடிந்ததும் ஆத்தூரிலிருந்து எனக்குப் போன். "ஏனுங்க, பத்து மணியிலிருந்து மேப்புல வண்டியே இல்லைங்களே?" ராத்திரி முழுக்க மறைந்திருந்தவன் ராத்திரி முழுக்க ஏதோ செய்திருக்கிறான் என்று அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது, என்ன என்றுதான் தெரியவில்லை. நான் டீக்கடையில் இருந்தேன். எனக்கெதற்கு வம்பு என்று போனை டீ மாஸ்டரிடம் நீட்டினேன்.

அவர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக்கூட நிறுத்தவில்லை. யார் வயல், வாய்க்காலுக்கு எந்தக் கரை, எத்தனை மா, மணிக்கு எவ்வளவு பேசினார்கள், அதில் புரோக்கருக்கு எவ்வளவு என்று வரிசையாக ஒப்பித்துவிட்டு, கடைசியாகக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"இன்னும் காசு கைக்கு வரலைங்க. இப்பப் புடிச்சீங்கன்னா நீங்களே வாங்கிக்கலாம்."