வண்டி நின்றால் வழி என்ன?

கேள்வி: கொடைரோடு பக்கம் நான்குவழிச் சாலையில் டயர் பஞ்சர். முதலில் என்ன செய்யணும்?

பதில்: டயரை முறைப்பதை நிறுத்தணும்! வண்டியை இடது ஓரம் ஒதுக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுங்கள். முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வையுங்கள். ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே நட்டுகளைச் சற்றுத் தளர்த்துங்கள்; அந்தரத்தில் சக்கரம் சுற்றுமே தவிர, நட்டு அசையாது. ஸ்டெப்னியை மாட்டும்போது எதிரெதிர் நட்டுகளாக முறுக்குங்கள்.

கேள்வி: ஸ்டெப்னியிலும் காற்று இல்லையென்றால்?

பதில்: 1033. தேசிய நெடுஞ்சாலை உதவி எண், இரவிலும் எடுப்பார்கள். அடுத்த முறை காற்றுப் பிடிக்கும்போது, 'டிக்கியில் ஒன்று இருக்குண்ணே' என்று நீங்களே சொல்லுங்கள். அவராகக் கேட்கமாட்டார்.

கேள்வி: சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் கொதித்தால், ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாமா?

பதில்: திண்டுக்கல்காரர் கேட்கிற கேள்வியா இது? தம்மில் இருக்கும் பிரியாணி அண்டாவை அவசரப்பட்டுத் திறந்தால் சோறு கெடும். இதைத் திறந்தால் முகம் வெந்துவிடும். எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிடுங்கள். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல், கீழ் கியரில் வாருங்கள்.

கேள்வி: சாவியை உள்ளே வைத்தே கார் பூட்டிக்கொண்டதே?

பதில்: பூட்டுக்காக 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் நம்முடையது, பூட்டைக் குறை சொல்லாதீர்கள். மாற்றுச் சாவியை வீட்டில் வையுங்கள், காருக்குள் அல்ல!