குடிபெயரும் நாயும் கூடச் செல்லும் மனிதரும்

வெளிநாடு போகும் மனிதர் தம் நாயையும் அழைத்துச் செல்கிறார் என்பது உலக வழக்கு. இவ்வழக்கு பிழையானது என்பதே இக்கட்டுரையின் துணிபு. ஆஸ்திரேலியாவின் விதிகளை ஆராயுங்கால், குடிபெயர்வது நாயே என்பதும், பெட்டி தூக்கவும் கட்டணம் கட்டவும் உடன்செல்லும் உதவியாளரே மனிதர் என்பதும் ஐயமறத் தெளிவாகின்றன. மனிதரிடம் அந்நாடு கேட்பவை பெரும்பாலும் தாள்கள். நாயிடம் கேட்பது ரத்தம். முதலில் தோலுக்கடியில் மைக்ரோசிப், பிறகு ரேபிஸ் தடுப்பூசி. ஊசி போட்டாயிற்று என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் போதாது. அது வேலை செய்ததா என்பதை ரத்தமே சொல்லவேண்டும், அதுவும் மில்லிலிட்டருக்கு 0.5 சர்வதேச அலகுக்குக் குறையாத குரலில். அந்த மாதிரி ஆய்வகம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு. குடும்பம் கிளம்பும் தேதியைக் குறிப்பது பஞ்சாங்கமும் அல்ல, வேலை கொடுத்த கம்பெனியும் அல்ல. சென்னை நாய் என்றால் இன்னும் விசேஷம். அனுமதிக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லாததால், சிங்கப்பூர் போன்ற மூன்றாம் நாடொன்றில் குடியிருந்துவிட்டுத்தான் அது போகமுடியும். உதவியாளரோ விசா வந்த அன்றிரவே விமானம் ஏறலாம்.

இது மரியாதையல்ல, சந்தேகம் என்பார் மறுப்பாளர். ஆஸ்திரேலியா, நாய்வழிப் பரவும் ரேபிஸ் இல்லாத நாடு. அறிகுறி தோன்றிவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைக்காத நோய் அது. கிருமி புகுந்த நாய் வாரக்கணக்கில், சமயத்தில் மாதக்கணக்கிலும், ஒன்றுமறியாததுபோல் வாலாட்டிக்கொண்டிருக்கும். ஊசிக்கு முன்பே புகுந்திருந்தால் ரத்தப் பரிசோதனையும் அதைக் காட்டிக்கொடுக்காது. 180 நாள் என்பது அந்த ஒளிவு வெளிப்படுவதற்கான அவகாசம். நியாயந்தான். ஆனால் இது நம் துணிபைத் தகர்க்கவில்லை, முட்டுக்கொடுக்கிறது. ஓர் அரசு யாரை அணுஅணுவாகச் சோதிக்கிறதோ அவரையே வந்தவராகக் கருதுகிறது. மற்றவரைப் போகட்டும் என்று விட்டுவிடுகிறது. வந்திறங்கியதும் மெல்போர்ன் அருகே மிக்கில்ஹாமில் அரசின் தனிமைக்கூடத்தில் குறைந்தது 10 நாள் தங்கவைக்கப்படுவது யார்? ஆள்மாறாட்டம் இல்லையென்று முன்கூட்டியே உறுதிசெய்யப்படாவிட்டால், 2023 முதல் அது 30 நாள். தங்கும் செலவு உதவியாளருடையது. படிவத்தில் கையெழுத்திடுவது மனிதர்தானே என்று இன்னொரு மறுப்பும் எழக்கூடும். அமைச்சர்களும் தம் உரைகளைத் தாமே எழுதுவதில்லை.

2015இல் நடந்ததைவிடச் சிறந்த சான்று இத்துறையில் கிடைப்பது அரிது. நடிகர் ஜானி டெப் தம்பதியின் பிஸ்டல், பூ என்னும் இரு யார்க்‌ஷயர் டெரியர்கள் விதிகளுக்குப் புறம்பாகத் தனி விமானத்தில் ஆஸ்திரேலியா போய் இறங்கின. திருப்பி அனுப்புங்கள், இல்லையேல் கொல்லப்படும் என்று கெடு விதித்தார் வேளாண் அமைச்சர் பார்னபி ஜாய்ஸ். நடிகரின் உலகப்புகழ் 0.5 அலகுக்குக்கூட ஈடாகவில்லை. நாய்கள் திரும்பின. விவகாரம் நீதிமன்றம் ஏறி, மறு ஆண்டு தம்பதி வருத்தம் தெரிவித்து வீடியோ வெளியிட்டார்கள். நாய்கள் எந்த அறிக்கையும் விடவில்லை. தலைமைப் பயணிகளின் பேச்சாளர்கள்தான் வாய் திறப்பார்கள்.

அமைச்சரின் கதை இதைவிடப் பயனுள்ளது. அவருடைய தந்தை நியூசிலாந்தில் பிறந்தவர். அதனால் ஜாய்ஸும் தம்மையறியாமலே அந்நாட்டுக் குடிமகனாக இருந்திருக்கிறார். அயல்நாட்டுக் குடியுரிமை உள்ளவர் ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தில் இருக்கலாகாது என்பதால், 2017 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அவரைத் தகுதியற்றவர் என்றது. நாய்க்கு வைக்கும் சோதனையில் பாதியை அமைச்சர்களுக்கு வைத்திருந்தால் இது பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கும். அதற்குள் நியூசிலாந்துக் குடியுரிமையைத் துறந்துவிட்டிருந்த அவர், டிசம்பர் இடைத்தேர்தலில் வென்று மறுபடி உள்ளே வந்தார். மிக்கில்ஹாம் வாசம் ஒருநாள்கூட இல்லை. ஆயினும் இதைப் பாரபட்சம் என்று சொல்ல இவ்வாய்வு துணியாது: நியூசிலாந்திலிருந்து வரும் நாய்களுக்கும் அந்த விலக்கு உண்டு.