டிபி அண்ணன்

எந்தப் பொறியியல் கல்லூரி விடுதியானாலும் ஒரு டிபி அண்ணன் இருப்பார். இறுதியாண்டு. கேம்பஸ் இன்டர்வியூ நெருங்க நெருங்க அவர் அறை வாசலில் செருப்புகள் குவியும். டைனமிக் புரோகிராமிங்கில், அதாவது டிபியில், தீராத கணக்கு உலகத்தில் இல்லை என்பது அவர் கட்சி.

ஜூனியர் ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்பான்: "அண்ணா, ஏ, பி ரெண்டே எழுத்து. பத்து எழுத்து ஸ்ட்ரிங். ரெண்டு பி அடுத்தடுத்து வரக்கூடாது. மொத்தம் எத்தனை?" 1024-ஐயும் எழுதிப் பார்த்துவிடுவது என்று பாதி நோட்டைத் தீர்த்துவிட்டு வந்திருப்பான் பாவி. அண்ணன் கண்ணை மூடிக்கொள்வார்.

"கடைசி எழுத்தைப் பாருடா. ஏ-ன்னா அதுக்கு முன்னாடி எது வேணா வரலாம். பி-ன்னா முன்னாடி ஏ-தான். அப்போ முந்தின ரெண்டு விடையையும் கூட்டு, முடிஞ்சுது."

மெஸ் பில்லின் பின்பக்கம் கட்டம் போட்டு 2, 3, 5, 8 என்று நிரப்பிக்கொண்டே போய் 144-இல் பேனாவை மூடுவார். பிறகு பிரசங்கம். பிபொனாச்சிக்கு முன்பே, 12ஆம் நூற்றாண்டில், யாப்பில் லகு குரு எத்தனை விதமாக அமையும் என்று ஹேமசந்திரர் எண்ணியது இதே கணக்குதானாம்; ரிச்சர்ட் பெல்மன் 1950களில் பெயர் வைத்ததோடு சரியாம். (பெல்மன் செய்தது அதைவிட எவ்வளவோ அதிகம். அண்ணனிடம் யார் போய்ச் சொல்வது?)

"சரி, நீளம் பூஜ்ஜியம்னா எத்தனை?"

"பூஜ்ஜியம்ணா."

அப்போது வருமே ஒரு கோபம்! "ஒண்ணுடா! எதுவும் எழுதாம விடுறதும் ஒரு வழி!"

இந்தக் கொள்கையை அவர் டீக்கடையிலும் விடுவதில்லை. எதுவும் கொடுக்காமல் நகர்வதும் ஒரு வழி. டீ மாஸ்டரும் லேசுப்பட்டவரல்ல; நேற்றுவரை உள்ள பாக்கியோடு இன்றையதைக் கூட்டி வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். அசல் டிபி! புரோகிராமிங் போட்டிகளில் விடை பெருத்துவிட்டால் 1000000007-ஆல் வகுத்து மீதியைச் சொன்னால் போதும். மாஸ்டரிடம் அந்தச் சலுகை கிடையாது.

ஒரு கம்பெனித் தேர்வில் ஸ்ட்ரிங்கைத் திருப்பி எழுதச் சொன்னார்கள். நாலு வரி வேலை. அண்ணன் அதற்கும் கட்டம் போட்டார், நேரம் முடிந்துவிட்டது.

உங்கள் பிள்ளை விடுதியிலும் இவர் இருப்பார். 'எத்தனை வழி' என்று வரும் கேள்வியானால் தாராளமாக இவரிடம் அனுப்புங்கள். மற்றதற்கெல்லாம் பக்கத்து அறைதான் நல்லது.