பத்தே நாளில் ஊழியம்

1793-இல் வங்கத்துக்குக் கப்பலேறி வந்த மிஷனரி வில்லியம் கேரிக்கு விவரம் போதாது. முதல் இந்தியருக்கு ஞானஸ்நானம் கொடுக்கவே 7 ஆண்டு பிடித்தது. 1834-இல் கண்மூடும்வரை ஊர் திரும்பவில்லை. போக வர டிக்கெட் எடுக்கும் சாமர்த்தியம் பாவம், அவருக்கு இல்லை.

இன்றைய டெக்சாஸ் இளைஞர் தேறிவிட்டார். கோடை விடுமுறையில், குழுவோடு ஒரே நிற டி-ஷர்ட்டில், பத்து நாள் குவாத்தமாலா, அவ்வளவுதான். புறப்படுமுன் கடும் பயிற்சி: பலூனை முறுக்கி நாய்க்குட்டி செய்வது, பேச்சே இல்லாத நாடகம் போடுவது. கறுப்புச் சட்டை போட்டவர் பாவம். வெள்ளைச் சட்டை போட்டவர் இயேசு. ஸ்பானிய மொழியா? ‘ஓலா’ போதும். மீதியைப் பரிசுத்த ஆவியானவர் பார்த்துக்கொள்வார்.

அந்நாட்டில் பத்துக்கு நான்கு பேர் ஏற்கெனவே சுவிசேஷ சபைக்காரர்கள். மீதியில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். இருக்கட்டுமே, இன்னொரு முறை கேட்டால் குறைந்தா போய்விடும்?

சேவையும் உண்டு. போன வாரக் குழு நீலம் அடித்த பள்ளிச் சுவருக்கு இந்த வாரக் குழு மஞ்சள் அடிக்கிறது. அடுத்த குழு பச்சை டப்பாவோடு விமானம் ஏறியாயிற்று. உள்ளூர் பெயிண்டர் ஓய்வுநாளை வாரம் முழுக்க ஆசரிக்கிறார்.

நெஞ்சுருகிப்போன அந்த ஊர்ச் சபைப் பிள்ளைகள், கைம்மாறாக டெக்சாஸ் போய் ஒரு சுவருக்காவது வர்ணம் பூச விசா கேட்டார்கள். அமெரிக்கத் தூதரக அதிகாரி கேட்டது ஒன்றுதான்: “பத்தாம் நாள் ஊர் திரும்பிவிடுவீர்கள் என்பதற்கு என்ன அத்தாட்சி?”

விண்ணப்பம் தள்ளுபடி. நியாயம்தானே? அவர்களிடம் ஒரே நிற டி-ஷர்ட்கூட இல்லை.