மாலினோவ்ஸ்கியும் மொய் நோட்டும்

எங்கள் தெருவில் பணி ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் பிரதோஷத்துக்கோ பங்குச் சந்தைக்கோ போய்ச் சேர, நான் மானிடவியலுக்குப் போனேன். தொலைதூரக் கல்வியில் எம்.ஏ., அதுவும் ஆங்கில வழி. தமிழில் படித்தால் வீட்டில் இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும். அப்புறம் என்ன மரியாதை? 'ரெசிப்ராசிட்டி' என்று சொல்லிவிட்டு மோரைக் குடிக்கிற சுகமே தனி.

முதல் பாடத்திலேயே மாலினோவ்ஸ்கி ஆளை மயக்கிவிட்டார். போலந்துக்காரர். 1914-ல் உலகப் போர் மூண்டபோது ஆஸ்திரேலியாவில் இருந்தார். ஆஸ்திரியப் பிரஜை என்பதால் எதிரி நாட்டான். ஆனாலும் ஆராய்ச்சி செய்ய விட்டார்கள். நியூ கினிக்குக் கிழக்கே டிரோப்ரியண்ட் தீவுகளில், ஊர் நடுவே கூடாரம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே அவர் கண்டதுதான் குலா. சிவப்புச் சிப்பி மாலைகள் தீவு தீவாக வலமாகச் சுற்றும்; வெள்ளைச் சிப்பிக் கைவளைகள் இடமாக வரும். இதற்காகத் தோணி கட்டி, மந்திரம் சொல்லி, கடல் தாண்டுவார்கள். வாங்கியதை அமுக்கி வைத்துக்கொள்கிறவனுக்குக் கெட்ட பெயர். பேரம் பேசினால் அதைவிடக் கேவலம். 1922-ல் இதைப் புத்தகமாகப் போட்டு உலகப் புகழ் பெற்றார்.

என் மனைவிக்கு இதை விளக்கினேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டவள், "இதுக்கா தோணி கட்டினாங்க?" என்று எழுந்துபோய், பீரோ மேலிருந்து ஒரு சுவர்க் கடிகாரப் பெட்டியை இறக்கினாள். ஜிகினாத் தாளுக்கு அடியில் இன்னொரு ஜிகினாத் தாள். செல்லோடேப் பிய்ந்த இடத்தில் 'அன்புடன்' மட்டும் மிச்சம். கொடுத்தவர் பெயர் உரிந்து போயிருந்தது.

"கம்பத்துலேர்ந்து தேனி, தேனியிலேர்ந்து இங்க. இனிமே வெச்சிருக்கக் கூடாதுங்க. சித்தப்பா வீட்டு கிரகப்பிரவேசத்துக்குத் தள்ளிடணும்."

"வலமாகத்தானே சுற்றுகிறது?" என்றேன், குறிப்பு எடுக்கும் ஆவலில்.

"அது எங்க சுத்துது? பேட்டரியே போடலை."

கொடுக்க வேண்டும், கொடுத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், வாங்கினால் திருப்பிச் செய்ய வேண்டும் என்று 1925-ல் மார்செல் மோஸ் எழுதியதையும் சொல்லிப் பார்த்தேன். செய்யாமல் விட்ட சொந்தக்காரர்களின் பட்டியலை உடனே ஒப்பித்தாள். மோஸிடம் அந்தப் பட்டியல் இல்லை.

அடுத்தது களப்பணி. மக்களோடு மக்களாக இருந்து கவனிப்பதுதான் மாலினோவ்ஸ்கி வகுத்த முறை. மச்சினர் வீட்டுக் காதுகுத்துக்கு நீள நோட்டும் பேனாவுமாகப் போனேன். மண்டப வாசலில் காற்று வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, ஆங்கிலத்தில் எழுத ஆரம்பித்தேன். விருந்தளிப்பவரின் முகத்தில் தெரிந்த கவலை, பந்தியில் அப்பளம் பாதியாக உடைத்து வைக்கப்பட்டது, சாம்பாரின் அடர்த்தி எல்லாம் விஞ்ஞானப் பூர்வமாகப் பதிவாகிக்கொண்டிருந்தபோது, ஒரு பெரியவர் 501 ரூபாயை நீட்டினார்.

"எழுதிக்கப்பா. போடி, மேலத் தெரு."

விளக்குவதற்குள் அவருக்குப் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டது. மக்களோடு மக்களாக இருப்பது என்று வந்துவிட்ட பிறகு மறுக்க முடியுமா? எழுதினேன். நிஜமாக மொய் எழுத வந்தவர் எதிர் மேஜையிலிருந்து, தொழில் போட்டிக்கு வந்தவனைப் பார்ப்பது போல் பார்த்தார்.

சாயங்காலம் மச்சினர் வந்து, "ரொம்ப ஒத்தாசையா இருந்தீங்க மாமா" என்று நெகிழ்ந்து, பணத்தையும் நோட்டையும் வாங்கிக்கொண்டார். மொய் நோட்டைக் கொடுக்க மாட்டேன் என்று உலகத்தில் எவன் சொல்ல முடியும்? மேலத் தெரு 501-க்கு மேலேதான் அப்பளம் இருக்கிறது.

மாலினோவ்ஸ்கியும் தீவில் இருந்தபோது அந்த மக்களைப் பற்றித் தாறுமாறாகப் புலம்பி ஒரு டைரி எழுதியிருந்தார். போலிஷ் மொழியில் எழுதியதால் தைரியம். 1942-ல் அவர் இறந்தார். 1967-ல் அந்த டைரியை வெளியிட அனுமதித்தவர் வேறு யாருமல்ல, அவர் மனைவி.

மச்சினர் மகள் ஆங்கில மீடியம். அத்தைக்குப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். அத்தை அதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். மாலினோவ்ஸ்கி வீட்டில் 25 வருஷம் பொறுத்தார்கள். எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு வரைகூடப் பொறுக்கவில்லை. சாம்பாரைப் பற்றிய பாராவுக்குத்தான் கட்டைவிரல் அதிகம்.