பாலை விட்டாச்சு, பப்ஸை விடலை

இன்னா பாப்பா, பெங்களூருல இருந்து வர்றப்ப தாத்தாவுக்கு ஒரு துண்டு எடுத்தாரத் தோணலை, இந்த இரும்புப் பெட்டியத் தூக்கியாரத் தோணியிருக்குது! ஓவனா? சரிதான். கரையாம்புத்தூர் பங்குனி வெயில்ல திண்ணையில மாவை வச்சாலே பாதி வெந்துடும். மீதி வேகறதுக்குக் கரண்டு இருக்கணும், அதுக்கும் சேர்த்து வேண்டிக்கோ.

உங்கம்மா எல்லாம் சொன்னா. கோட்டயத்து மாமியார் ஈஸ்டருக்கு முந்தி அம்பது நோம்பு பிடிக்கிறாங்களாம். கறி, மீன், முட்டை கிடையாது. பாலு, தயிரு, வெண்ணெய் எதுவும் கிடையாது. அவங்களுக்குப் பாலு படாத பப்ஸ் சுட்டு எடுத்துட்டுப் போகப்போற. நோம்பு இருக்கிற மாமியாருக்கு நாக்குல எச்சில் ஊற வைக்க இம்மாம் பாடுபடுற மருமகளை நான் இப்பத்தான் பார்க்கிறேன்.

நம்ம வீட்டுத் தபசு காலம் வேற கணக்கு. நமக்கு விபூதிப் புதன்ல ஆரம்பம். அவங்க ரெண்டு நாள் முந்தி, திங்கக்கிழமையே பாலுக்குக் கும்பிடு போட்டுடுவாங்க. நமக்கு வெள்ளிக்கிழமைன்னா சுத்தபோசனம், கறி ஆகாது. விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. பாலு மோருக்குத் தடை இல்லை. முன்ன காலத்துல நம்ம சபையிலயும் அந்தத் தடை இருந்திருக்குது. பிரான்சுல ருவான்னு ஒரு ஊரு. அங்க பெரிய கோயில் கோபுரம் ஒண்ணுக்குப் பேரே வெண்ணெய்க் கோபுரம். என் மச்சான் மகன் அதும் முன்னாடி நின்னு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். 500 வருசத்துக்கு முந்தி, தபசு காலத்துல வெண்ணெய் தின்ன ஆசைப்பட்டவன் எல்லாம் காசு கட்டி அனுமதி வாங்கியிருக்கிறான். அந்தக் காசு சேர்ந்து எழும்பினதாம் கோபுரம். ஊரே நாக்கைக் கட்டியிருந்தா கோயில் மொட்டையா நின்னிருக்கும், பாவம்.

சரி, தொழிலுக்கு வா. கிழவனுக்கு என்ன தெரியும்னு பார்க்காதே. 1962-ல பிரெஞ்சுக்காரன் பாண்டிச்சேரிய முழுசா எழுதிக் கொடுத்துட்டுப் போனான், ரொட்டிய மட்டும் விட்டுட்டுப் போனான். அந்த ரொட்டிய நம்பி நான் டவுன்ல ஒரு கடையில எடுபிடியா இருந்தேன். அங்க கத்துக்கிட்ட முதல் ரகசியம் சொல்றேன், காதைக் கொடு. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில இருக்குதே பப்ஸ், அது பெரும்பாலும் வெண்ணெயைக் கண்ணால கூடப் பார்த்ததில்லை. மார்ஜரின், இல்லாட்டி டால்டா. வருசம் பூரா நோம்பு இருக்கிற பண்டம் அது! நீ என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி செல்போனைப் பார்த்துட்டு வந்து நிக்கிற.

ஆனா மார்ஜரின் வாங்கினா டப்பாவைத் திருப்பிப் படி. சிலதுல பால் பவுடரு, மோர்த்தெளிவு எல்லாம் சேர்த்திருப்பான். எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். என் கண்ணாடிய வேணா எடுத்துக்கோ. டால்டாவுல அந்தப் பயம் இல்லை, அதுக்குள்ள வேற ஒரு ஒற்றன் உட்கார்ந்திருக்கிறான். நெய்யில யாராவது கலந்தா சோதனையில காட்டிக் கொடுக்கட்டும்னு அதுல நல்லெண்ணெய் சேர்க்கணும்னு சட்டம். டால்டாவுல டிரான்ஸ் கொழுப்புன்னு ஒரு கெட்ட கொழுப்பு இருக்குதேன்னு உன் வீட்டுக்காரர் கேட்டா, 2022-ல இருந்து 2 சதவீதத்துக்கு மேல கூடாதுன்னு அரசாங்கம் கட்டிப் போட்டுடுச்சுன்னு சொல்லு. அதுக்காக தினமும் தின்னக் கூடாதுன்னும் சொல்லு. ரெண்டாவதை மெதுவாச் சொல்லு.

தேங்காயெண்ணெய்ல செய்யப்போறியா? செய், பார்க்கலாம். அது 24 டிகிரியிலயே உருகி ஓடற சாதி. நம்ம ஊர்ல அது கட்டியா இருந்ததை எவன் பார்த்தான்? மாவுக்குள்ள மடிச்சு வச்சேன்னா அந்தப் பக்கமா ஒழுகித் தரையில வந்து என் காலைத் தொடும்.

பப்ஸ் உப்பறது சோடாவுல இல்லை கண்ணு, மடிப்புல. மாவு, கொழுப்பு, மாவு, கொழுப்புன்னு அடுக்கு. வெக்கை பட்டதும் மாவுல இருக்கிற ஈரம் ஆவியாகித் தூக்கும், கொழுப்பு ஒட்டவிடாம நடுவுல நிக்கும். மூணா மடிச்சுத் தேய்ச்சா மூணு, திரும்ப மடிச்சா ஒம்பது, அப்புறம் இருபத்தேழு. கடையில ஆறு தடவை மடிப்போம், 729 வரும். நீ நாலோட நிறுத்திக்கோ, 81 அடுக்கு உன் மாமியாருக்குப் போதும். எண்ணிப் பார்க்க மாட்டாங்க.

கொழுப்பு உருகிட்டா அடுக்கு போச்சு; பப்ஸ் வராது, பூரி வரும். அந்தக் காலத்துல நாங்க பனிக்கட்டிய மரத்தூள்ல பொதிஞ்சு வச்சுக்கிட்டு ராத்திரி மூணு மணிக்கு மாவு தேய்ப்போம். நீ 4 மணிக்கு எழுந்திரு. ஏன் முழிக்கிற? நோம்புன்னா தூக்கத்தையும் கொஞ்சம் விடணும். ஒவ்வொரு மடிப்புக்கும் நடுவுல அரை மணி நேரம் பிரிட்ஜுல வை. இன்னொரு வழியும் இருக்குது. உங்க ஆயா அடுக்கு சோமாஸுக்குச் செய்வா பாரு, அரிசி மாவையும் டால்டாவையும் களிம்பு மாதிரி குழைச்சுத் தடவறது. அரிசி மாவு கொழுப்பைப் பிடிச்சுக்கும், ஓடவிடாது. அவ எந்தப் படத்தையும் பார்த்துக் கத்துக்கலை.

பூரணம் ஈரமா இருந்தா பப்ஸ் வெடிச்சு ஓவனுக்குள்ள தீபாவளி. தேங்காயும் வெல்லமும்னா சட்டியில ஒட்டாம உருண்டு வர்ற வரைக்கும் கிளறு. உருளைக்கிழங்கு மசாலான்னா நல்லா ஆறவிடு. சூடா வச்சேன்னா அத்தனை மடிப்பும் வீண். ஓரத்துல தண்ணி தொட்டு அமுக்கு, மேல கத்தி முனையால ரெண்டு கீறு. மேல மினுமினுக்க முட்டை தடவாதே, அதுவும் அவங்களுக்கு ஆகாது; கெட்டித் தேங்காய்ப்பால் தடவு. பேருல பால் இருக்குதேன்னு பயப்படாதே, தென்னை மரம் கன்னு போடறதில்லை. 200 டிகிரியில 25 நிமிசம். நடுவுல கதவைத் திறந்து திறந்து பார்த்தேன்னா உப்பினது உட்கார்ந்துடும்.

இப்ப இன்னொண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே. உன் மாமியார் ஊர்ல குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமைக்குப் பேரே கொழுக்கட்டைச் சனி. அரிசி மாவு, உள்ளே தேங்காய், வெல்லம், ஆவியில அவிச்சது. பாலு இல்லை, வெண்ணெய் இல்லை, ஓவனும் இல்லை. காலங்காலமா அவங்க வீட்டுல நடக்குது. கொஞ்சம் மெனக்கெட்டு அவங்களையே கேட்டிருந்தேன்னா, இந்தப் பெட்டிக்குக் கொடுத்த காசுல தாத்தாவுக்கு வேட்டியே வந்திருக்கும்.

இன்னா மூஞ்சி அப்படிப் போகுது? சுடு, சுடு. வேண்டாம்னா சொன்னேன்? நல்லா உப்பினதா எட்டு பொறுக்கி டப்பாவுல கட்டி கோட்டயத்துக்கு எடுத்துட்டுப் போ. வெடிச்சது, கருகினது, பூரியாப் போனது எல்லாம் இந்தத் திண்ணையில கொண்டாந்து வை. ஒருசந்தி 59 வயசோட சரின்னு சபையே சொல்லிடுச்சு, எனக்கு அது தாண்டி எத்தனையோ வருசம் ஆச்சு. வர்றப்ப ஒரு கிளாஸ் டீயும் எடுத்தா. பாலு ஊத்தி.